அப்புச்சி அனுப்பிய கோரோசனை

மூலனூர்
4-6-1967

செல்வ மகள் அமராவதிக்கு அப்பன் சாமியப்பன் எழுதியது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளை அர்த்தநாரியும் என் பேத்தியும் சுகமா? பேத்தி பிறந்த மூன்றாம் மாதம் சீரோடு அனுப்பிவைத்தேன், அப்புறம் ஒரு வரி கிடையாது. திருப்பூர்க்காரி ஆகிவிட்டாய், இனி நாங்களெல்லாம் கண்ணுக்குத் தெரிவோமா!

பேத்திக்குச் சளி என்று முருங்கைக்காய் வியாபாரி வந்து சொன்னார். அதற்குத்தான் அவள் அப்புச்சி அனுப்பும் இந்தப் பொட்டலம். நம் மயிலைக் காளை போய்விட்டது அம்மிணி. கழிச்சல் கண்டு படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. தோலுரித்தவர் அதன் பித்தப்பையில் கல் இருந்ததென்று எடுத்துக் கொடுத்தார். கடையில் கோரோசனை என்று கொடுப்பதில் பாதி மஞ்சள்தூள். இது நம் கட்டுத்தறியில் விளைந்த அசல். நிழலில் உலர்த்தி, பாதியை உனக்கு அனுப்புகிறேன். தாய்ப்பாலில் இழைத்து தினமும் நாக்கில் தடவு. மறு பாதி உன் தம்பி மணியனுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு. அவன் பெண்டாட்டி மருதம்மாளுக்கு அவள் தாய்வீட்டில் இன்றோ நாளையோ என்று இருக்கிறது.

அன்புள்ள அப்பன்
சாமியப்பன்

திருப்பூர்
11-6-1967

அன்புள்ள அப்பாவுக்கு அமராவதியின் நமஸ்காரம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். பாப்பா தூங்கினால்தானே நான் பேனாவை எடுக்க முடியும்? மயிலை செத்ததைப் படித்து அழுதுவிட்டேன். கோரோசனை வந்த அன்றைக்கே கொடுக்க ஆரம்பித்தாயிற்று. என் மாமியார் மோந்து பார்த்துவிட்டு, "உங்கப்பன் அனுப்புனது நல்ல சரக்கு கண்ணு, கடையில இப்படிக் கிடைக்காது" என்றார். அவர் வாயால் பாராட்டு வாங்கிய முதல் ஆள் நீங்கள்தான்! சளியும் குறைந்திருக்கிறது.

நேற்றிலிருந்து வயிற்றோட்டம். இன்று காலை உடம்பு கொஞ்சம் சுடுகிறது, பால் குடிக்க மாட்டேன் என்கிறாள். பல் முளைக்கிற வயதும் இல்லை. என்னவோ பயமாக இருக்கிறது அப்பா.

அமராவதி

கோயமுத்தூர், ஆஸ்பத்திரி
14-6-1967

அப்பா,

பதறாதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். காய்ச்சல் அனலாய் ஏறி, பாப்பாவுக்குக் கைகால் இழுத்து வெட்டு வந்துவிட்டது. கண் மேலே சொருகிக்கொண்டது. உச்சிக்குழி பள்ளமாக இருக்க வேண்டாமா? புடைத்துக்கொண்டு நிற்கிறது. உங்கள் மாப்பிள்ளை பனியன் கம்பெனிக்கு ஆள் விட்டுச் சொல்லிவிட்டு, வாடகைக் காரில் இங்கே தூக்கிவந்தார்.

முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். தெளிவாக வரவேண்டிய நீர் கஞ்சி மாதிரி வந்ததாம். மூளையைச் சுற்றிய சவ்வில் சீழ் பிடித்திருக்கிறது. என்னை வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். அவள் அழுத அழுகை குழந்தை அழுகிற மாதிரியே இல்லை. டாக்டர், "தாய்ப்பால் தவிர என்னம்மா குடுத்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். மிச்சமிருந்த கல்லைக் கொண்டுவரச் சொல்லி வாங்கிக்கொண்டார். இங்கே எனக்கு யாரையும் தெரியாது, ஒன்றும் புரியவில்லை.

அமராவதி

மூலனூர்
17-6-1967

அம்மிணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடனே கிளம்பியிருப்பேன், மருதம்மாளுக்கு ஆண்பிள்ளை பிறந்து அவளுக்குக் காய்ச்சல், மணியன் அங்கே போயிருக்கிறான். மாட்டுக்கும் வீட்டுக்கும் நான் ஒருவன்தான். முருகனுக்குக் காசு முடிஞ்சு வைத்திருக்கிறேன், பேத்திக்கு அவன் கிட்டவே முடி இறக்கலாம்.

கோரோசனையை டாக்டர் எதற்கு வாங்கினார்? அவருக்கு அதன் அருமை என்ன தெரியும்? திருப்பித் தந்தால் விடாமல் கொடு. அதில் ஏதும் குற்றம் சொன்னாரா, எழுது.

சாமியப்பன்

கோயமுத்தூர்
26-6-1967

அன்புள்ள அப்பாவுக்கு,

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. வெட்டும் இல்லை. பால் குடிக்கிறாள், சிரிக்கிறாள். ஊசி மட்டும் இன்னும் கொஞ்ச நாள் போட வேண்டுமாம். நீங்கள் சோறு தண்ணி இல்லாமல் கிடக்காதீர்கள்.

கல்லைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைப் பற்றி ஒன்றும் பேச்சில்லை. தம்பி மகனை நான் பார்க்க வேண்டும், அவன் யார் சாயல்?

அமராவதி

மூலனூர்
2-7-1967

செல்வ மகளுக்கு,

என் வயிற்றில் பால் வார்த்தாய்! ஊசி பாதி, நம் மயிலை பாதி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். டாக்டர் வாய் திறக்காததிலிருந்தே தெரியவில்லையா?

காய்ச்சல் விட்டதும் மூன்றாம் மாதம் வரை பொறுக்காமல் நேற்று மருதம்மாள் பிள்ளையோடு வந்துவிட்டாள். பயல் அப்படியே மணியன். லேசாக மூக்கடைப்பு. இன்று காலை என் கையாலேயே கோரோசனை இழைத்து நாக்கில் தடவினேன். சப்புக்கொட்டினான் அம்மிணி! தினமும் கொடுக்கப் போகிறேன்.

சாமியப்பன்

கோயமுத்தூர்
4-7-1967

அப்பா,

இதை உங்கள் மாப்பிள்ளையே கொண்டு வருகிறார். தந்தியில் நாலு வார்த்தைதான் போகும், நாலு வார்த்தையில் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

இழைப்பதை நிறுத்துங்கள். அந்தக் கல்லை அவரிடம் கொடுத்துவிடுங்கள். அதை இழைத்த உரைகல்லையும் பால் புகட்டும் சங்கையும் யாரும் தொட வேண்டாம்.

பாப்பாவின் முதுகு நீரிலும் அந்தக் கல்லிலும் ஒரே கிருமி. சால்மொனெல்லா என்று பெயர் சொன்னார்கள். மயிலைக்குக் கழிச்சல் கொடுத்தது அதுவாகத்தான் இருக்கும் என்கிறார் டாக்டர். உலர்த்தினாலும் அந்தக் கிருமி சாகாதாம். பெரியவர்களுக்கு வயிற்றோடு போகும், பச்சைக் குழந்தைக்கு மூளைக்கு ஏறிவிடும். இதெல்லாம் போன கடிதம் எழுதும்போதே எனக்குத் தெரியும். நீங்கள் ஆசையாய் உலர்த்தி அனுப்பியதாயிற்றே என்று எழுதவில்லை. மறு பாதி அங்கே இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஒரு மடச்சி.

இன்னொன்றும் மறைத்தேன். பாப்பாவுக்குக் காது கேட்கவில்லை. வார்டில் பித்தளைத் தட்டு கீழே விழுந்து பக்கத்துக் கட்டில் குழந்தையெல்லாம் வீறிட்டது. இவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

உங்கள் மனசு நோகக்கூடாது என்றுதான் எல்லாம் மறைத்தேன். இப்போது நோகட்டும் அப்பா. தம்பி மகனுக்குக் காய்ச்சல் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறான் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பாப்பாவும் முதலில் நன்றாகத்தான் இருந்தாள். டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மணியனும் மருதம்மாளும் என்னைத் திட்டட்டும், இங்கே வந்து திட்டட்டும்.

பதில் எழுத வேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

அமராவதி