பி.டி. சாருக்குப் போட்ட பந்தல்

ஜூலை 9, புதன்

விடிந்ததிலிருந்து காற்று. கொடியில் போட்ட துணி பக்கத்து வீட்டுக் கூரையில். ரேஷனுக்குப் போகணும். பிரஷர் மாத்திரை தீர்ந்தது. முட்டி வலி.

குமரேசன் வந்தான். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்த என் வீட்டுக்காரரிடம் கூடைப்பந்து ஆடியவன், இப்போது ஒகேனக்கல் பஸ்ஸில் கண்டக்டர். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூல் கிரவுண்டில் அவருக்குப் படத்திறப்பாம். பழைய டீம் பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்களாம். நான் மேடையில் உட்கார வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போக மனசில்லை. அதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

காரியத்துக்கு வந்த நாத்தனார் இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை. மூன்று மாதம் ஆகாமல் நான் வாசல் தாண்டக் கூடாது என்கிறார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் சொன்னதில் எனக்கு வசதியாக இருப்பது இது ஒன்றுதான்.

ஜூலை 10, வியாழன்

வெயில். ரசம், அப்பளம். நாத்தனாருக்கு உப்பு பத்தவில்லை.

போன் ஓயவில்லை. எல்லோருக்கும் ஒரே பேச்சு, சார் எங்களுக்கு அப்பா மாதிரி. சரிப்பா, சரிம்மா. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை போல.

ஸ்கூல் கிரவுண்டில் இருக்கிற அந்தக் கூடைப்பந்து கோர்ட்டை நான் சக்களத்தி என்றுதான் சொல்வேன். அவர் சிரிப்பார். வீட்டில் ஒரு நாள் விளக்குமாறு தொட்டதில்லை. அங்கே மட்டும் தினமும் தானே கூட்டுவார். செருப்போடு ஏறினால் ஹெட்மாஸ்டரானாலும் கீழே இறக்கிவிடுவார். என் தங்கச்சி கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடிந்த பிறகு வந்து நின்றார், ஏதோ செமி ஃபைனலாம். அவருடைய டீம் பிள்ளைகள் ஆடி ஒரு மேட்ச்கூட நான் பார்த்ததில்லை. வீம்புதான். இப்போது போய் யாருக்காக உட்காருவது?

ஜூலை 12, சனி

நேற்று எழுதவில்லை. படுத்தே கிடந்தேன்.

மேகமூட்டம், பேய்க்காற்று. சாயங்காலம் குமரேசன் கண்டக்டர் யூனிஃபார்மோடு ஓடி வந்தான். வாசல்படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். பந்தல்காரரின் ஆட்கள் கடப்பாரை போட்டு, கோர்ட் சிமெண்ட்டிலேயே குழி தோண்டிவிட்டார்களாம்.

"காத்துக்குப் பந்தல் கெட்டியா நிக்கோணும்னு சொன்னதே நாந்தாங்கம்மா. கோர்ட்டுலயே நடுவாங்கன்னு நெனைக்கலீங்க."

அடுத்த வாரம் பெண் பிள்ளைகளுக்கு அதே கோர்ட்டில் மற்ற ஸ்கூல்களோடு ஜோன் மேட்ச் வேறு.

செருப்பை மாட்டினேன். நாத்தனார் பின்னாலிருந்து கூப்பிட்டார். கேட்டது, ஆனாலும் நடந்தேன்.

ஒரு பக்க வளையத்துக்கு அடியில் வரிசையாகக் குழி. பக்கத்தில் உடைந்த சிமெண்ட் குவியல். அவர் வசூல் பண்ணி, சித்தாள் வைக்காமல் தானே மண் சுமந்து போட்ட தளம். கோபம் கோபமாக வந்தது. பிறகு அழுதுவிட்டேன். அவர் போன அன்றுகூட இப்படி அழவில்லை. இத்தனை வருஷம் கரித்துக்கொட்டிய சக்களத்திக்காக அழுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது. பந்தல்காரர் பாவம், பயந்துபோய் சோடா வாங்கி வந்தார்.

"பந்தலும் வேணாம், மேடையும் வேணாம். அந்தப் பக்கம் நல்லாத்தானே இருக்குது? பிள்ளைங்க அங்க ஆடட்டும். நான் வரேன்" என்றேன்.

குமரேசன் ஹெட்மாஸ்டருக்குப் போன் போட்டான். பெரிய மனுஷர்கள் வெயிலில் எப்படி உட்காருவார்கள் என்றாராம். வேப்பமரத்தடியில் நாற்காலி போடச் சொன்னேன்.

ஜூலை 13, ஞாயிறு

காற்று அடங்கிவிட்டது. நாத்தனார் என்னோடு பேசவில்லை. ஆனால் சேலையை அயர்ன் பண்ணி வைத்திருந்தார்.

அவர் படத்தை ஒரு நாற்காலியில் வைத்து மாலை போட்டார்கள். ஹெட்மாஸ்டர் கொஞ்சம் பேசினார். குமரேசன் பேச ஆரம்பித்து, பாதியிலேயே மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். குழிகளைச் சுற்றி பெஞ்ச் போட்டு அடைத்துவிட்டு, மீதிப் பாதியில் பிள்ளைகள் ஆடினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. யார் எந்தக் கட்சி என்றே தெரியவில்லை. ஒரே கூச்சல், ஷூ சத்தம். உட்கார முடியாமல் எழுந்து கோட்டோரம் போய் நின்றேன்.

ஒல்லியாக ஒரு பிள்ளை, வத்தல்மலையிலிருந்து வருகிறவளாம், குப்புற விழுந்தாள். முழங்கையில் ரத்தம். படுத்தபடியே தலையைத் தூக்கி, கோட்டோரம் நான் நின்ற பக்கம் பார்த்தாள். அவர் எப்போதும் நிற்கிற இடமாம் அது. குமரேசன் பிறகுதான் சொன்னான். ஆட்டத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

"எந்திரி சாமி" என்றேன்.

எழுந்து ஓடினாள்.