எட்டு டிகிரி வித்தியாசம்

12 ஆகஸ்ட், செவ்வாய்

எங்கள் ஊர் மேருவில் நல்ல மழை. கொட்டகைத் தகரத்துச் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. நாங்களே கட்டும் குட்டி விமானத்துக்குப் பெட்ரோல் குழாய் வேலை முடிந்தது. அலுமினியக் குழாய். இணைப்புக்காக நுனிகளை விரித்தது குணா மச்சான், என் மனைவி மலரின் அண்ணன். ஏர்கோன்காரர், ஏசி பொருத்துகிறவர். செப்புக் குழாயில் தினமும் செய்கிற வேலை. விரிசல் இல்லை, பிசிர் இல்லை. அவ்வளவு அழகு.

அவர் போனபிறகு விரித்த கோணத்தைச் சும்மா அளந்து பார்த்தேன். நாற்பத்தைந்து டிகிரி! விமான இணைப்புக்கு முப்பத்தேழு. ஏர்கோன் கருவியிலேயே விரித்திருக்கிறார். இறுக்கினால் பிடிக்கும், ஆனால் ஓரத்தில் மட்டும். அதிர்ந்து அதிர்ந்து ஒருநாள் விட்டுவிடும். மேலே பறக்கும்போது விட்டால்? ஓட்டப்போவது நான், பக்கத்து சீட்டில் அவர்.

மலரிடம் சொன்னேன். அவள் சொன்னது: "அண்ணன்கிட்ட பாத்துப் பேசுங்க. போனவாட்டி நீங்க ஒரு வார்த்தை சொல்லி, தீபாவளிக்குக்கூட வரல."

13 ஆகஸ்ட், புதன்

வெயில். சொல்லத்தான் போனேன். குணா மச்சான் எனக்கு முன்னால் வந்து பெட்ரோல் ஊற்றி, ஒவ்வோர் இணைப்பையும் டிஷ்யூவால் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா மச்சான், ஒரு சொட்டு லீக் இல்ல லா!"

அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. இன்ஜின் முதல்முறையாக ஓடியது. உள்ளே அவர். வெளியே நான், கையில் தீயணைப்பு சிலிண்டர். ஒன்றும் ஆகவில்லை.  நாளைக்குக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

15 ஆகஸ்ட், வெள்ளி

நேற்றும் சொல்லவில்லை. வாங்க வேண்டியவை: புது அலுமினியக் குழாய், பூனைக்கு மீன். 37 டிகிரி கருவிக்கு ஆர்டர் போட்டாச்சு. அவருக்குத் தெரியாமல். நான் ஒரு பயந்தாங்கொள்ளி.

16 ஆகஸ்ட், சனி

சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஒரு குழாயைக் கழற்றி, விரித்த நுனியை நெடுக்காக அறுத்து, இணைப்பின்மேல் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். இடைவெளி தெரிந்தது.

"ஆமா மச்சான். நான் கேட்டுட்டு செஞ்சிருக்கணும். எல்லாத்தையும் கழட்டு."

கழற்றினோம். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாக்கிழமை."

துணியை மடித்துக் கீழே வைத்தார்.

"புதன்கிழமை நான் உள்ள உக்காந்து ஸ்டார்ட் பண்ணேனே."

நாலு அறை விட்டிருந்தால் தேவலை.