கதவுக்கு வெளியே நீங்கள்

அக்கா,

திருப்பதி மலைக்குக் கொண்டுபோன பையை இன்று காலை கவிழ்த்தபோது எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு விழுந்தது. நகத்தால் கீறினேன். அந்த வாசனையில் நீங்கள் வந்துவிட்டீர்கள். பஸ் என்றாலே உங்களுக்குக் குமட்டும். பழம் இல்லாமல் நகரி ஊரைத் தாண்ட மாட்டீர்கள். இப்போது நானும் அப்படித்தான் கிளம்புகிறேன்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் நாம். ஊறுகாய் ஜாடியைத் திறந்து போட்டது யார் என்றுகூடச் சண்டை போட்டிருக்கிறோம். ஆனால் எனக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கிய வருஷம் நீங்கள் என்னோடு சண்டையே போடவில்லை. அதிலேயே எனக்குப் பாதி பயம்.

நம் வீட்டுத் தறியை நிறுத்திய பிறகும் என் நெஞ்சுக்குள் தறி ஓடிக்கொண்டிருக்கும். மூச்சு அடைக்கும், இதோ செத்துவிடுவேன் என்று தோன்றும். புத்தூரில் காட்டினோம். சித்தூரில் இசிஜி எடுத்தார்கள். எல்லாரும் ஒன்றுமில்லை என்றே சொல்லி அனுப்பினார்கள். அதைக் கேட்கக் கேட்க எனக்கு அவமானமாக இருந்தது. நீங்கள்தான் கேட்டீர்கள்: "ஒண்ணும் இல்லாமயா இந்தப் பொண்ணு இப்படி நடுங்கிக்கினு கீது?"

மலைக்கு வேண்டுதல் பாக்கி இருக்கிறது என்றார் அத்தை. பாவம், நம் மாமியாருக்குத் தெரிந்த வைத்தியம் அது. உங்களையும் துணைக்கு அனுப்பினார். பல வருஷம் கழித்துப் பெருமாளைப் பார்க்கப்போகிற சந்தோஷத்தில் புதுப் புடவை உடுத்தியிருந்தீர்கள். மேலே, காத்திருக்கும் கூடத்தில் உட்காரவைத்துக் கம்பிக் கதவைச் சாத்தினார்கள். அவ்வளவுதான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் கதறிய கதறலில் கூடமே திரும்பிப் பார்த்தது. நீங்கள் தெலுங்கில் கெஞ்சி என்னை வெளியே கூட்டிவந்துவிட்டீர்கள். உங்கள் தரிசனத்தையும் கெடுத்துவிட்டேனே என்று அழுதேன்.

"சாமி எங்கயும் போவ மாட்டாரு. முதல்ல உன்னைப் பாக்கணும்."

கீழே இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. உங்கள் தம்பி மனைவிக்குப் பிரசவத்துக்குப் பிறகு காட்டிய மனநல டாக்டர் திருப்பதியில் இருந்தார். அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். இது பதற்ற நோய், மருந்தும் வேண்டும், பயிற்சியும் வேண்டும் என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லாத முதல் டாக்டர். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். நிம்மதியில் வந்த அழுகை அது.

ஆனால் முதல் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. பகலெல்லாம் தூக்கம், அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் தெரியாது. தூக்கி எறிகிறேன் என்றேன். "செருப்பு கடிச்சா வேற செருப்பு பாப்போம். நடக்கிறதையா வுட்டுடுவோம்?" என்று சொல்லி மறுபடி அவரிடமே கூட்டிப்போனீர்கள். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆயின. அங்கிருந்த ஆலோசகர் அம்மா, மூடிய அறைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இருந்து பழகச் சொன்னார்.

நம் வீட்டுக் குளியலறையில்தான் பழகினேன். நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள, நீங்கள் கதவுக்கு வெளியே பூண்டு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

"பயமா கீதா?"

"இருக்குதுக்கா."

"இருக்கட்டும். பயமும் இருக்கட்டும், நீயும் இரு."

டாக்டரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் வீட்டில் மலைக்கு என்றே சொன்னீர்கள். இறங்கி வருகிறவர்களிடம் ஒரு லட்டு கேட்டு வாங்கிக்கொள்வீர்கள். தெருவே நம்மைப் பெரிய பக்தைகள் என்று நம்பியது. அத்தை, "தரிசனம் நல்லா ஆச்சா?" என்று கேட்டால், நான் வாய் திறக்கும் முன்பே "திவ்யமா ஆச்சு" என்பீர்கள். அத்தனை முறையும் அடிவாரத்தோடு திரும்பினோம். நீ நல்லாயிடு, ரெண்டு பேரும் மேல போலாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

நான் நன்றாகிக்கொண்டிருந்தபோது நீங்கள் காய்ச்சலில் படுத்தீர்கள். எழவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை அக்கா. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

உங்கள் காரியம் முடிந்தபின் எனக்குப் பழையபடி படபடப்பு வந்தது. தனியாகவே பஸ் ஏறி டாக்டரிடம் போனேன். துக்கத்தில் இப்படித் திரும்ப வருவது உண்டு என்று சொல்லி, குறைத்திருந்த மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார். இப்போது மறுபடி குறைத்திருக்கிறார்.

நேற்று மலைக்குப் போனேன். அதே மாதிரி கூடம், அதே கம்பிக் கதவு. சாத்தினார்கள். உள்ளங்கை வேர்த்தது, தறி ஓடத் தொடங்கியது. பையிலிருந்த பழத்தை எடுத்து முகர்ந்தேன். கதவுக்கு வெளியே நீங்கள் பூண்டு உரிப்பதாக நினைத்துக்கொண்டேன். பயம் இருந்தது. நானும் இருந்தேன். கதவு திறக்கும்வரை இருந்தேன்.

சந்நிதியில் நிற்க விட்டது கண் மூடித் திறக்கும் நேரம்தான். எனக்கென்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை. உங்கள் பேரைச் சொன்னேன், அதற்குள் நகர்த்திவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை வழக்கம்போல, "தரிசனம் நல்லா ஆச்சா?" என்று கேட்டார். முந்திக்கொண்டு பதில் சொல்ல நீங்கள் இல்லை.

"ஆச்சு அத்தை," என்றேன். "அக்காவுக்கும் சேத்துப் பாத்துக்கினு வந்தேன்."