உதட்டில் குண்டூசி

ஜூன் 9, திங்கள்

நாற்பத்தாறு வயதில் சீருடை. கண்ணாடியில் பார்த்தால் நர்சிங் மாணவி மாதிரி இல்லை, உறை மாற்றிய மெத்தை மாதிரி இருக்கிறேன். தைத்ததும் நானே, திட்ட வேறு ஆள் இல்லை. இருபத்திரண்டு வருடத் தையல் கடையைத் தங்கையின் தலையில் கட்டிவிட்டு வந்தாயிற்று. மார்பில் தலைகீழாகத் தொங்கும் அந்தக் குட்டிக் கடிகாரத்தைக் குத்திக்கொண்டபோது புல்லரித்துவிட்டது!

முதல் பாடமே நோயாளியை விசாரிப்பது. என்ன செய்கிறது, எப்போதிலிருந்து, எதில் கூடுகிறது, எதில் குறைகிறது. அட, இதற்கா படிப்பு? அளவு எடுக்கிற ஐந்து நிமிடத்தில் ஒருத்தியின் மாமியார், நாத்தனார், எதிர்வீட்டுச் சண்டை வரை கறந்தவள் நான். முதல் மார்க் எனக்குத்தான்.

ஜூன் 12, வியாழன்

மூச்சு எண்ணுவதில் ஒரு திருட்டுத்தனம் இருக்கிறது! எண்ணப்போகிறேன் என்று சொன்னாலே நோயாளியின் மூச்சு தாறுமாறாகிவிடுமாம். அதனால் நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, மார்பு ஏறி இறங்குவதை ஓரக்கண்ணால் எண்ண வேண்டும். ஒரு முழு நிமிடம். ஓரக்கண்ணுக்குப் பயிற்சி கொடுக்கிற படிப்பு வேறெங்கே உண்டு?

வீட்டுக்காரரிடம் செய்து பார்த்தேன். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், சந்தேகப் பேர்வழி.

“கையை எதுக்குடி பிடிக்கறே? என்ன வாங்கணும்?”

ஜூன் 20, வெள்ளி

ஊற்றிக்கொண்டது.

செய்முறைத் தேர்வு. என் பெஞ்சுக்காரி ‘ஒல்லி’தான் நோயாளியாக நடித்தாள். தலைவலி என்றாள். “கண்ணாடி போடணும் உனக்கு, எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கும் இதேதான்” என்று ஆரம்பித்தேன். எங்கே முடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் மூச்சை எண்ணும்போதும் என் வாய் ஓயவில்லை, அவள் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினாள். நிமிடத்துக்கு முப்பத்தெட்டு என்று எழுதினேன். ஓடி வந்த குதிரைக்குக்கூட அவ்வளவு இருக்குமோ என்னவோ.

தேர்வு நடத்தியவர் எங்கள் ஆசிரியை. எப்போதும் ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக இருப்பதால் நாங்கள் வைத்த பெயர் ‘விநாடி மேடம்’. என்னைவிடப் பதினான்கு வயது சின்னவர். தாளில் இரண்டே வரி: “நோயாளி பேசியது நாற்பது விநாடி. மாணவி பேசியது ஒன்பது நிமிடம்.”

ஒல்லியிடம் கொடுத்திருந்த சீட்டை அப்புறம் காட்டினாள். அதன்படி அந்த நோயாளி அம்மாவின் தூக்க மாத்திரையைத் திருடிப் போட்டுக்கொள்கிறாளாம். அதைத்தான் நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். நானோ கண்ணாடிக்கு ஃபிரேம் வரை தேர்ந்தெடுத்துவிட்டேன்.

“இன்னும் ஒரு வாய்ப்புதாங்க இருக்கு. முப்பதாம் தேதி, வார்டுல, நிஜ நோயாளிகிட்ட. அதுவும் போச்சுன்னா படிப்பை விட்டுட வேண்டியதுதான்” என்றார் மேடம்.

இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்ய? இத்தனை பேரிடம் டமாரம் அடித்துவிட்டு எந்த முகத்தோடு போய் மறுபடி கடையில் உட்காருவேன்?

ஜூன் 21, சனி

இன்று யாரோடும் பேசவில்லை. பொய். காலை எட்டரை வரை பேசவில்லை.

ஜூன் 23, திங்கள்

கண்டுபிடித்தேன், கண்டுபிடித்தேன்! நியாயமாகப் பார்த்தால் வீட்டுக்காரர் கண்டுபிடித்தார்.

அவருடைய பேன்ட்டின் கீழ் மடிப்பைக் குறித்துக்கொண்டிருந்தேன். காலருகே நான் குந்தியிருக்க, அவர் ஸ்டூல் மேல் நின்றபடி, பேருந்து பிரேக் பிடிக்காமல் போனது, யாரிடமும் சொல்லாமல் பயந்தது என்று பத்து நிமிடம் கொட்டித் தீர்த்தார். அசந்துபோனேன். ஊசிகளைக் குத்தி முடித்துவிட்டு, “இத்தனை நாளா ஏங்க சொல்லல?” என்றேன்.

“நீ எங்க பேச விட்டே? வாயில ஊசி இருந்தாத்தான் இந்த வீட்டுல என் முறை வரும்.”

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கடையிலும் அப்படித்தானே? உதட்டில் ஆறேழு குண்டூசியைக் கவ்விக்கொண்டு தோள்பட்டையைச் சரிசெய்யும்போதுதான் பெண்கள் எல்லாக் கதையும் சொன்னார்கள். இருபத்திரண்டு வருடம் நான்தான் கறந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கறந்தது ஊசி!

ஜூன் 30, திங்கள்

எழுதியே ஆக வேண்டும்.

குடலிறக்க அறுவைக்காகச் சேர்ந்திருக்கும் ஐம்பத்தைந்து வயதுக்காரர். மறுநாள் ஆபரேஷன். பக்கத்தில் மனைவி. கால்மாட்டில் விநாடி மேடம்.

“என்ன தொந்தரவுன்னு நீங்களே சொல்லுங்க” என்றேன். மனைவி சொன்னார். தூக்கம்? மனைவி. பசி? “நல்லா சாப்பிடுவாரு, ஒரு குறையும் இல்ல.” கண்ணாடியில் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

எனக்கு வேறு எங்கோ கண். பெல்ட்டில் கடைசி ஓட்டைக்கு அப்பால் ஆணியால் குத்திய புது ஓட்டை, அதுவும் இரண்டு. சட்டைக் காலருக்குள் என் முழுக் கையும் போகும். தோள் தையல் புஜத்துக்கு இறங்கிக் கிடந்தது. இது இந்த உடம்புக்குத் தைத்த சட்டை இல்லை. அல்லது, இது அந்தப் பழைய உடம்பே இல்லை.

“அக்கா, வயித்தைப் பார்க்கணும். கொஞ்சம் வெளியில இருக்கீங்களா?” திரையை இழுத்தேன்.

“இந்தப் பெல்ட்டைப் பத்திச் சொல்லுங்க.”

அவர் பெல்ட்டின் நுனியை உள்ளே செருகிக்கொண்டிருந்தார். இளைச்சுட்டீங்களா, கவலையா, எங்க சித்தப்பாவும் இப்படித்தான்... நாக்கில் வரிசை கட்டி நின்றன. உதட்டை மடித்து, ஆறு ஊசி இருப்பதுபோல் கவ்விக்கொண்டேன். எவ்வளவு நேரம்? எனக்கு ஒரு யுகம். வியர்த்துக் கொட்டியது.

“முழுங்க முடியல சிஸ்டர். மூணு மாசமா. ரொட்டியை டீயில ஊறவச்சு இறக்கறேன். மிச்சத்தை நாய்க்குப் போட்டுட்டு, சாப்பிட்டேன்னு சொல்லிடுவேன்.” குரல் உடைந்தது. “எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அஞ்சே மாசம்.”

அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அவர் அழுது முடித்த பிறகுதான், “இதை டாக்டர்கிட்ட சொல்லணும், சொல்லட்டுமா?” என்றேன்.

“அவகிட்ட?”

“அதை நீங்கதான் சொல்லணும். நான் வேணா பக்கத்துல நிக்கறேன்.”

மேடம் ஸ்டாப்வாட்ச்சைக் கட்டில் மேலேயே மறந்து வைத்துவிட்டார். நேராக டாக்டரைக் கூப்பிடப் போனார்.

ஜூலை 1, செவ்வாய்

ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்கப்போகிறார்கள். இது எனக்குத் தெரியும் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது. என் சரித்திரத்திலேயே முதல் முறை. சொல்லாமல் அடக்கி வயிறு உப்பிப்போய்க் கிடக்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

தேர்ச்சி!!! மேடத்தின் குறிப்பு: “மாணவி பேசாமல் இருந்தது ஐம்பது விநாடி.” (ஐம்பதுதானா? சத்தியமாக அரை மணி இருக்கும்.) சட்டம் போட்டு மாட்டலாம் என்றிருக்கிறேன்.

அந்த நோயாளிக்கு இன்னும் பரிசோதனை முடிவு வரவில்லை.

ஜூலை 9, புதன்

புற்று இல்லை. புற்று இல்லை! புண்ணாகி ஆறிச் சுருங்கிப்போன இடமாம், விரித்துவிட்டால் சரியாகிவிடுமாம். மாடிப்படியில் தனியாக நின்று ஒரு குதி குதித்தேன். படி தாங்கியது.

செப்டம்பர் 18, வியாழன்

தள்ளிப்போன ஆபரேஷனுக்கு அதே ஆள், அதே வார்டு, அதே கட்டில். மனைவி பேசப்பேச அவர் பிஸ்கட்டை நனைக்காமல் கடித்துக்கொண்டிருந்தார். பெல்ட் பழைய ஓட்டைக்குத் திரும்பியிருக்கிறது. ஆணி குத்திய இரண்டும் வெறுமனே வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி முடிந்தது. கையை விடவில்லை, ஓரக்கண் அவர் மார்பின் மேல்.

“என்ன சிஸ்டர், இன்னிக்குப் பேசவே மாட்டேங்கறீங்க?”

“நாடி பார்க்கறேன்” என்றேன் கூசாமல்.

பதினாறு.