சரசு போட்ட இரண்டு கையெழுத்து

12-11-1974, செவ்வாய்

பக்கத்துத் தோப்பில் தேங்காய் உரிக்கும் மாரப்பனின் மகள் சரசுவோடு இன்று சித்தூர் பாங்குக்குப் போனேன். பதினைந்து வயது. ஸ்காலர்ஷிப் பணம் அவள் பெயரிலேயே இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பணம் கட்ட இன்றுதான் கடைசி நாள்.

மலையாளப் பள்ளிக்கூடப் பழக்கத்தில் பணம் எடுக்கும் சீட்டில் மலையாளத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். கணக்குத் தொடங்கியபோது போட்டதோ தமிழில். குமாஸ்தா சீட்டைத் திருப்பித் தள்ளினார்.

"இந்த ஒப்பு பழைய கையெழுத்தோட சேரலை. அச்சனைக் கூட்டிட்டு வா."

மாரப்பன் வந்தால் பணம் பரீட்சைக்குப் போகாது. அவன் ஒரு மாடு பார்த்து வைத்திருக்கிறான். நான் வாய் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"ஏனுங்க சார், கணக்கு எம்பட பேர்லதானுங்களே? எங்கய்யன் எதுக்குங்க? வேற சீட்டுக் குடுங்க."

"தமிழ்ல போட வருமா?"

"அதுதானுங்க எங்க ஊட்டுப் பேச்சு."

குமாஸ்தா சிரித்துவிட்டார். இந்த முறை கையெழுத்துச் சேர்ந்தது. பணத்தை வாங்கியதும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

கரும்பலகையில் கடினமான கணக்கை ஒரு பிள்ளை தானே முடித்துவிட்டுப் போய் உட்காரும்போது வருமே, அந்தப் பெருமை வாத்தியாரான எனக்கு. பரீட்சைக்குப் பணம் கட்டியதைப் பற்றி மாரப்பனிடம் நான் பேசட்டுமா என்று சாயங்காலம் கேட்டேன். காலையில் அவளே சொல்லிக்கொள்வாளாம்.

சொல்லுவாள்.