நின்று நின்று ஓடிய மெஷின்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் சுகம். உங்கள் முதுகுவலியும் அம்மாவின் கண் எரிச்சலும் இப்போது எப்படி இருக்கின்றன?

இங்கே ஒரு கூத்து நடந்தது. வீட்டில் ஒருவரைப் பேட்டி எடுத்து வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டும் என்று எங்கள் மானிடவியல் துறையில் சொல்லியிருந்தார்கள். அதற்குத்தான் போன வாரம் போனில் உங்கள் தையல் வேலையைப் பற்றிக் கேட்டேன். அந்தப் பதிவை வகுப்பில் போட்டால் மானமே போயிற்று! நான் கேட்ட கேள்விகள் ஆறு. நீங்கள் கேட்டவை முப்பத்தொன்று. “சாப்டியாம்மா? ரூம்ல காத்து வருதா? கூட யாரு இருக்கா?” வகுப்பே சிரித்தது.

பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. “பின்னாடி ஒரு மெஷின் சத்தம் வருதே, கவனிச்சியா? அவர் பேசும்போது ஓடுது. நீ பதில் சொல்லும்போது மட்டும் நிக்குது. அடுத்தவங்க பேசறத இப்படித்தான் கேக்கணும்” என்றார். அந்த மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து வளர்ந்த எனக்கு இத்தனை வருடம் இது தெரியவில்லையே! ரொம்ப நன்றிப்பா. நேரில் என்றால் சொல்ல வெட்கமாக இருக்கும்.

வெளியே பேட்டிக்குப் போக ஒரு சுடிதார் தைத்து அனுப்புங்கள். ரெக்கார்டர் வைக்கப் பாக்கெட் வேண்டும். பழைய அளவுதான், இரண்டு பக்கமும் ஒவ்வொரு இன்ச் உள்ளே பிடித்துவிடுங்கள். இளைத்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டாம். லைப்ரரியை மூடப் போகிறார்கள், முடிக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு மெஷினை நிறுத்தி உட்கார்ந்துவிடாதீர்கள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

உங்கள் மகள்