வெட்டு நாளில் ஒரு கிளினிக்

உன்னிச்சையில் அன்றைக்கு நெல் வெட்ட மெசின் வருகிற நாள். கம்சாயினிக்கோ மட்டக்களப்பில் கிளினிக் நாள். இரத்தக்குழாய் அழற்சி வந்து, சிறுநீரகத்தையும் தொட்டு, அவள் எழும்பி நடமாடி மூன்று வருசம்.

"இப்ப சுகந்தானே, அடுத்த மாதம் போனாக் காணாதா?" என்று விடியவே கேட்டான் புருசன் பிரதீஸ். அவள் பேசவில்லை. அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு வயல் வட்டைக்குப் போய்விட்டான். அவள் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள்.

"இஞ்சாருங்க, பஸ்ஸுக்குப் போறன். சோறும் மீன் கறியும் அடுப்படியில இரிக்கி. சின்னச் சட்டியில உப்புக் குறைச்ச என்ட கறி, அதத் தொடாதீங்க. சாப்பிட்டுப் போகக்க கதவப் பூட்டித் திறப்பப் பக்கத்து வீட்டு ஞானமணி அக்காட்டக் குடுங்க, மகள் பள்ளியால வந்து வாங்குவாள். சுகமா இருந்தாலும் ரத்தமும் சலமும் சோதிச்சாத்தான் உள்ளுக்க நடக்கிறது தெரியும்."

தாளைத் தேத்தண்ணிப் போத்தலின் கீழே வைத்துவிட்டு வாசல்வரை போனவள், திரும்பி வந்து அடியில் மிச்சமிருந்த இடத்தில் பொடி எழுத்தில் எழுதினாள்.

"இன்னொண்டு. நாலு நாளா வலக்கால் மரத்துக் கிடக்கு. செருப்புக் கழண்டாலும் தெரியிதில்ல. முதல் தரமும் இப்பிடித்தான் துவங்கின. சொன்னா வெட்ட நிப்பாட்டுவீங்க எண்டுதான் காலையில வாய் திறக்கல்ல, கோவத்தில இல்ல. மெசின் போனதும் ஆசுபத்திரிக்கு வாங்க. டொக்டர் சொல்லக்க நீங்களும் பக்கத்தில நிக்க வேணும்."

ஒருமுறை வாசித்தாள். 'மெசின் போனதும்' என்பதை வெட்டிவிட்டு, அதற்கு மேலே 'இத வாசிச்ச உடன' என்று எழுதினாள்.